இரண்டு குழாயும் ஒரு சனியும்

நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் நான் லேப் டெக்னீஷியனாக இருந்தேன். காலை எட்டு மணிக்கு மைக்ரோஸ்கோப்பின் மேல் குனிந்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் நிமிர்வேன். ரத்தத்தில் மலேரியா இருக்கிறதா, சிறுநீரில் சீழ் அணு இருக்கிறதா என்று தேடுவதுதான் பிழைப்பு. பத்து வருடம் அப்படிக் குனிந்ததில் இரண்டு பழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. ஒரு கண்ணால் பார்க்கும்போது மறு கண்ணை மூட மாட்டேன். எடுத்த எடுப்பில் பெரிய பவருக்குப் போக மாட்டேன். சின்னதில் இடத்தைப் பிடித்துக்கொண்டு அப்புறம்தான் பெரியது.

என் கணவருக்கு அனல் மின் நிலையத்தில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை. அழுத்தமும் சூடும் காட்டுகிற முட்கள் சரியாகக் காட்டுகின்றனவா என்று நாள் முழுக்கப் பார்ப்பார். அதனாலோ என்னவோ, ஒரு சாமானின் மேல் எண் அச்சடித்திருந்தால் அதை அப்படியே நம்பிவிடுவார். மின்விசிறி வாங்கப் போனால் காற்று வருகிறதா என்று பார்க்க மாட்டார். நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அட்டையில் படித்துவிட்டுத் திருப்தியோடு வருவார்.

எங்கள் குவார்ட்டர்ஸ் இரட்டை வீடு. நடுச்சுவர் ஒன்று, பின்னால் தோட்டத்தைப் பிரிக்கும் இடுப்புயரச் சுவர் ஒன்று. அந்தப் பக்கம் சுரங்கத்தில் ராட்சத வெட்டு இயந்திரம் ஓட்டுகிறவர் குடியிருந்தார். குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்துக் கிராமம். பெர்மனென்ட் ஆனதும் குடும்பத்தோடு டவுன்ஷிப்புக்கு வந்தவர். எங்கள் தெருவே அவரை ஆபரேட்டர் என்றுதான் கூப்பிட்டது. அவர் மனைவி குறிஞ்சிப்பாடி நெசவு வீட்டுப் பெண். என்னை அக்கா என்பாள். என்னைவிட எட்டு வயது சின்னவள், என்னைவிட எட்டு மடங்கு வாய் அதிகம்.

எண்பத்து நாலாம் வருடம் கோடையில் சண்டை ஆரம்பித்தது. இருட்டியதும் கிழக்கே இரண்டு நட்சத்திரங்கள் பக்கத்துப் பக்கத்தில் ஏறிவந்தன. ஒன்று நல்ல பிரகாசம், கொஞ்சம் சிவப்பு. இன்னொன்று சற்று மங்கல், மஞ்சள். இரண்டும் மினுக்கவில்லை. பஞ்சாங்கத்தைப் பார்த்தால் செவ்வாய், சனி இரண்டும் துலாம் ராசியில் என்று போட்டிருந்தது. எது எது என்று பஞ்சாங்கம் சொல்லவில்லை.

"மஞ்சளா இருக்கறதுதான் சார் சனி. செவப்பா இருக்கறது செவ்வா. பேருலயே இருக்குதே," என்றார் ஆபரேட்டர், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பல் குத்திக்கொண்டே.

என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "அதெப்படிங்க ஆபரேட்டர்? சனி எவ்வளவு பெரிய கிரகம். பெரிசா இருக்கிறதுதான பிரகாசமா தெரியணும்? நம்மூர்த் தூசிக்கு எல்லாமே சிவப்பாத்தானுங்க தெரியும்."

பத்து நாள் இதே பேச்சு. எந்தக் கட்சியிலும் நான் சேரவில்லை. கடைசியில், வளையம் எதைச் சுற்றி இருக்கிறதோ அதுதான் சனி, அதைப் பார்த்துவிட்டால் தீர்ந்தது என்று இருவரும் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு டெலஸ்கோப் வாங்குவது என்று முடிவாயிற்று. ஆளுக்கு ஒரு நாள் லீவு போட்டு, வடலூர் போய் பஸ் பிடித்து மெட்ராஸுக்குக் கிளம்பினார்கள்.

திரும்பி வந்தபோது ஆளுக்கொரு பெட்டி இருந்தது.

துறைமுகத்துப் பக்கம் வெளிநாட்டுச் சாமான் விற்கும் சந்தில் ஒரு கடை. அங்கே நடந்ததை இரண்டு பேரும் தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டும் வேறு வேறு கதை. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். கடைக்காரர் இரண்டு டெலஸ்கோப்புகளை எடுத்து வைத்திருக்கிறார். ஒன்று குட்டை. ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் மூன்று, நிமிர்ந்து பார்க்காமல் மேலிருந்து குனிந்து பார்ப்பதற்கு ஒரு மூலைக்கண்ணாடி, மும்மடங்கு பெருக்கிக் காட்டும் துணைக்குழாய், கனமான ஸ்டாண்ட். பெட்டிமேல் வண்ணத்தில் சனியின் படம், அதன்மேல் 450 மடங்கு என்று கொட்டை எழுத்து. மற்றது நெட்டை. வெள்ளைக் குழாய், அறுபது மில்லிமீட்டர் லென்ஸ், கொக்குக்கால் போல ஸ்டாண்ட். பெட்டி கிழிந்திருந்தது. உள்ளே தெர்மோகோலில் ஐபீஸ் வைக்க மூன்று குழிகள், இரண்டில் ஒன்றுமில்லை. மூன்றாவதில் கடுகளவு துளையோடு நாலு மில்லிமீட்டர் ஐபீஸ் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நானூத்தம்பது எங்க, ஒண்ணுமே போடாத அந்தப் பெட்டி எங்க," என்றார் என் கணவர்.

"கையி நீட்டமா இருந்தாத்தான சார் ஆழமா வெட்டும்?" என்றார் ஆபரேட்டர். வெட்டு இயந்திரத்தின் கை எவ்வளவு நீளம் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். அவரோடு அதில் வாதாட முடியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே தோட்டத்தில் இரண்டையும் நிறுத்தினார்கள், சுவருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. சனி வர இன்னும் பத்து மணி நேரம் இருந்தது. அதுவரை சும்மா இருக்க முடியாமல் தெருக்கோடியில் பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்தார்கள்.

ஆபரேட்டர் குழாயிலிருந்து தலையை எடுத்தார். "கடக்காரன் ஏமாத்திட்டான் சார். லென்ஸ தலகீழா மாட்டி வித்துட்டான். பஸ்ஸு மேல டயர வெச்சிகினு போவுது."

என் கணவருக்கு வந்த சந்தோஷம் முகத்தில் அடங்கவில்லை. "நம்மளுது நேராத்தான் தெரியுது, வந்து பாருங்க." ஆபரேட்டர் சுவரைத் தாண்டி வந்து மூலைக்கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நேராத்தான் சார் இருக்குது. ஆனா அந்த போர்டுல என்னா ஊரு எழுதியிருக்குது, படிங்க பாக்கலாம்."

என் கணவர் பார்த்தார். படிக்க முடியவில்லை. எழுத்துகள் எல்லாம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலமாக நின்றன. 'வடலூர்' என்பது எந்த பாஷை என்றே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நான் காபியோடு போனேன். இரண்டு பேரும் என்னை நீதிபதியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். மைக்ரோஸ்கோப்பிலும் எல்லாம் தலைகீழாகத்தான் தெரியும், ஸ்லைடை வலது பக்கம் நகர்த்தினால் உள்ளே இடது பக்கம் போகும், யாரும் அதற்காக டாக்டரிடம் புகார் செய்வதில்லை என்றேன். "ஆகாசத்துல மேல கீழன்னு யாரு போர்டு வெச்சிருக்காங்க? சனி தலைகீழா தெரிஞ்சா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

அன்று மாலை ஏழரைக்கு இரண்டு நட்சத்திரங்களும் முந்திரி மரத்துக்கு மேல் ஏறின. என் கணவர் நேராக நானூற்றைம்பதுக்குப் போனார். முதலில் கால் மணி நேரம் எதுவுமே அகப்படவில்லை. அகப்பட்டபோது, தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்த எலுமிச்சம்பழத் தோல்போல் எதுவோ நெளிந்தது. கையை எடுத்தால் ஓடிப்போயிற்று. சிவப்பிலும் அதே நெளிவு, மஞ்சளிலும் அதே நெளிவு. சின்ன பவர் ஐபீஸ் போட்டுப் பார்க்கலாமே என்றேன்.

"இத்தனை பவரைக் கொடுத்து வாங்கிட்டு முப்பதுல பாக்கறதுக்கு நான் என்ன பைத்தியமா?" என்றார்.

ஆபரேட்டருக்கு அந்தப் பேச்சுக்கே வழியில்லை. அவரிடம் இருந்தது கடுகுத்துளை ஐபீஸ் ஒன்றுதான். அந்த நீளக் குழாயில் அது இருநூறுக்கு மேல் பெருக்கியது. மங்கலாக ஒரு பஞ்சு மட்டும் தெரிந்தது. ஸ்டாண்ட் வேறு மூச்சு விட்டால் ஆடியது. மனிதர் குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

அவர் மனைவிக்கும் இருந்திருக்க வேண்டும். வீட்டுக்குள் போய் ஒரு சின்னப் பித்தளைச் சாமானைக் கொண்டுவந்தாள். மூன்று மடிப்பாக மடிகிற லென்ஸ். துணிமேல் வைத்து ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவதற்கு நெசவு வீடுகளில் வைத்திருப்பார்கள். அவளுடைய அப்பா வீட்டிலிருந்து வந்தது.

"இதுவும் கண்ணாடிதான? பின்னால வெச்சிப் பாக்கறேன்," என்றாள்.

"ஏய், சும்மா இரு. இது என்னா லுங்கியா, இழை எண்ணிகினு இருக்க?" என்றார் ஆபரேட்டர்.

அவள் காதில் வாங்கவில்லை. கடுகு ஐபீஸைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டு, அந்த ஓட்டைக்குப் பின்னால் லென்ஸைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நகர்த்தினாள். இழை எண்ணிப் பழகிய கை. எந்தத் தூரத்தில் நிற்க வேண்டுமென்று அதற்குத் தெரிந்திருந்தது. ஓர் இடத்தில் அசையாமல் நின்றாள்.

"அக்கா, இங்க வா. புள்ளி புள்ளியா, ஊசி குத்தின மாரி நெறைய இருக்குது. ஓரத்துலதான் கொஞ்சம் நீலமும் செவப்புமா கலரு அடிக்குது."

நான் போய்ப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே இல்லாத இடம். அதில் எண்ணி முடியாத அளவுக்கு நட்சத்திரங்கள், ஒவ்வொன்றும் கூர்மையாக. நல்ல முன்லென்ஸ் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. குறை குழாயில் இல்லை, கண் வைக்கும் இடத்தில்தான். எங்கள் லேபில் கால் உடைந்த பழைய மைக்ரோஸ்கோப் ஒன்று அலமாரியில் கிடந்தது. அதன் இரண்டு ஐபீஸ்களும் மட்டும் பழுதில்லாமல் இருந்தன.

மறுநாள் தலைமை டாக்டரிடம் போய் அவற்றைக் கொஞ்ச நாள் வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டேன்.

"வீட்டுல என்ன டெஸ்ட் பண்ணப் போறீங்க?"

"சனிங்க, டாக்டர்."

"சனிக்கிழமை மட்டுமா?"

"இல்லீங்க. சனி. சனி பகவான்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னை இரக்கத்தோடு பார்த்தார். "ஏழரை நடக்குதாம்மா? எனக்கும்தான் நடக்குது. அதுக்கு எள்ளு தீபம்தானே போடுவாங்க, ஐபீஸ் எதுக்கு?"

விவரத்தைச் சொன்னதும் சிரித்தபடி கையெழுத்துப் போட்டார். தெரிந்தால் தனக்கும் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டார்.

மைக்ரோஸ்கோப் ஐபீஸ் டெலஸ்கோப்பின் ஓட்டைக்கு மயிரிழை ஒல்லியாக இருந்தது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரியை ஒரு சுற்றுச் சுற்றினேன். கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. பத்து என்று எழுதியிருந்தது அந்த நீளக் குழாயில் முப்பத்தாறு மடங்கு காட்டும், பதினைந்து என்று எழுதியிருந்தது ஐம்பத்து நாலு மடங்கு என்று என் கணவர் தாளில் கணக்குப் போட்டுச் சொன்னார். சொல்லிவிட்டு, "அம்பத்து நாலு," என்று இன்னொரு தரம் சொல்லிச் சிரித்துக்கொண்டார்.

உடனே போட்டி வைத்திருக்கலாம். ஆனால் அந்த வாரம் ஆபரேட்டருக்கு செகண்ட் ஷிப்ட், இரவு பத்துக்குத்தான் வருவார். அவர் இல்லாமல் வைக்கக் கூடாது என்று அவர் மனைவி சொன்னாள். அடுத்த வாரம் இரண்டு நாள் மேகம். ஒரு நாள் காற்று திசைமாறி மின் நிலையப் புகை நேராக எங்கள் தலைக்கு மேல் வந்து படுத்துக்கொண்டது. ஒரு வழியாக வெள்ளிக்கிழமை வானம் தெளிந்தது.

நிபந்தனைகளை நான் போட்டேன். லேபில் யாருடைய ரத்தம் என்று பார்த்து நாங்கள் ரிசல்ட் எழுதுவதில்லை. இங்கேயும் எது யாருடைய குழாய் என்று பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. துணி காயும் கொடியில் இரண்டு போர்வைகளைப் போட்டு, அவற்றுக்கிடையில் ஐபீஸ் மட்டும் வெளியே தெரிகிறமாதிரி குழாய்களைப் பின்னால் நிறுத்தினேன். நானும் போர்வைக்குப் பின்னால். பூமி சுழல்கிற வேகத்தில் சனி அரை நிமிடத்துக்கு ஒரு தரம் நகர்ந்துவிடும், இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். ஆண்கள் இருவரும் வாசல் பக்கம் போய் நிற்க வேண்டும், வாய் திறக்கக் கூடாது. எந்த ஐபீஸ் என்பது அவரவர் விருப்பம். ஆபரேட்டர் ஐம்பத்து நாலைத் தேர்ந்தெடுத்தார். என் கணவர் பெருந்தன்மையோடு மும்மடங்குக் குழாயைக் கழற்றிவிட்டு நூற்றைம்பதோடு நிறுத்திக்கொண்டார். பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியது ஆபரேட்டர் மனைவி. எங்கள் நாலு பேரில் எண்ணிலும் குழாய் நீளத்திலும் பற்றில்லாதவள் அவள்தான்.

கடைசி நிமிடத்தில் அவள் மாட்டேன் என்றாள்.

"கோயில்லயே சனீஸ்வரன் முன்னால நேரா நிக்கக் கூடாதுன்னு ஒதுங்கித்தான்க்கா கும்புடுவோம். இப்ப நானா போயி, அவரு கண்ண பெருசாக்கி நேருக்கு நேரு பாக்கணுமா? வேணாம்க்கா. வூட்டுல புள்ளைங்க இருக்குது."

நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. வாய் திறக்கக் கூடாதென்று சொல்லியிருந்தும் வாசலிலிருந்து என் கணவர் குரல் கொடுத்தார். "நேருக்கு நேர் இல்லீங்களே. மூலைக்கண்ணாடி இருக்குதில்ல? நீங்க கீழ குனிஞ்சு கண்ணாடியத்தான் பாக்கறீங்க. அவரு அந்தப் பக்கம் இருக்கறாரு."

அவள் யோசித்தாள். "அப்ப கண்ணாடியில பாக்கறதுதானா?"

"கண்ணாடியிலதான்."

"அப்ப சரி."

மூலைக்கண்ணாடி ஒன்றுதான், என் கணவரின் பெட்டியில் வந்தது. இரண்டு குழாய்க்கும் அதையே மாற்றி மாற்றிப் போட்டேன். மஞ்சள் நட்சத்திரத்துக்கு இரண்டையும் திருப்பினேன். முதலில் இடது பக்கத்து ஓட்டையில் குனிந்தாள்.

"பெருசா இருக்குதுக்கா. ஆனா சோப்பு நொர மாரி நிக்காம இருக்குது. ரெண்டு பக்கமும் காது வெச்ச மாரியும் இருக்குது, இல்லாத மாரியும் இருக்குது."

பிறகு வலது பக்கம். குனிந்தவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இன்னொரு தரம் குனிந்தாள்.

"இது சின்னதுக்கா. ரொம்ப சின்னது. ஆனா தாம்பாளத்துல எலுமிச்சம்பழம் வெச்ச மாரி இருக்குது. பழத்துக்கும் தட்டுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் கருப்பா தெரியுது. ஒரு நூலு எடம் விட்டு வெச்சிருக்காங்க."

யார் விட்டு வைத்தது என்று நான் கேட்கவில்லை. போர்வைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து நானும் பார்த்தேன். அவள் சொன்னதில் கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை. வலது பக்கம் நின்றது நெட்டைக் குழாய்.

ஆண்களைக் கூப்பிட்டோம். ஆபரேட்டர் பார்த்துவிட்டு, "மஞ்சளுதான் சனி," என்று மட்டும் சொன்னார். வேறு யாராவதாக இருந்தால் இன்னும் நிறையச் சொல்லியிருப்பார்கள். என் கணவர் குனிந்தார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். நான் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தேன். தலையைத் தூக்கியபோது அவர் சொன்னது, "ஆனா ஆடுதுங்க."

உண்மைதான், ஆடியது. என் முந்தானை பட்டாலே தாம்பாளம் இரண்டாகிப் பழம் குலுங்கியது. மறுநாள் வேலையிலிருந்து வரும்போது இரண்டு இரும்புப் பட்டைகளும் நாலு போல்ட்டும் கொண்டுவந்தார். தன் குட்டைக் குழாயைக் கழற்றித் துணி சுற்றி அலமாரியில் வைத்துவிட்டு, கனமான ஸ்டாண்டில் நெட்டைக் குழாயைப் பூட்டினார். ஆபரேட்டர் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சனியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. போல்ட்டின் மரை பற்றியே பேசினார்கள். அன்றிலிருந்து குழாய் அவர்களுடையது, ஸ்டாண்டும் மூலைக்கண்ணாடியும் எங்களுடையது, ஐபீஸ் ஆஸ்பத்திரியுடையது. தோட்டச் சுவரில் நாலு செங்கல் எடுத்துவிட்டு அதற்கு ஓர் இடம் செய்தோம்.

தலைமை டாக்டர் ஒரு மாலை வந்து பார்த்தார். பார்த்துவிட்டு, சனியிடம் நேரில் சொல்லிவிட்டதால் இனி ஏழரை குறையும் என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆபரேட்டர் மனைவி மட்டும் அவருக்கு மூலைக்கண்ணாடி விஷயத்தை விளக்கினாள்.

என் கணவர் பவர் ஆசையை ஒரேயடியாகக் கைவிடவில்லை. அந்த மும்மடங்குக் குழாயை நெட்டையில் போட்டு, அதன்மேல் தன் இருபது மில்லிமீட்டர் ஐபீஸை வைத்து, காற்றில்லாத ஒரு நாளில் நிலாவைப் பார்த்தார். நூற்று முப்பத்தைந்து. பள்ளத்துக்குள் பள்ளம் தெரிந்தது. நம் சுரங்கம் மாதிரியே இருக்கிறதே என்று ஆபரேட்டரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் நிதானமாகப் பார்த்து, அங்கே மேல்மண்ணைச் சரியாக அள்ளவில்லை என்று குறை சொன்னார்.

இரண்டு வருடம் கழித்து ஆபரேட்டருக்கு டவுன்ஷிப்பிலேயே வேறு வட்டத்தில் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்தது. வீடு மாறும்போதுதான் பிரச்சினை புரிந்தது. குழாய் அங்கே போனால் ஸ்டாண்ட் இங்கே சும்மா நிற்கும். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு பக்கமும் சொல்லிப் பார்த்தோம். இரண்டு பக்கமும் கேட்கவில்லை. கடைசியில் மாதம் ஒரு தரம் அங்கே, ஒரு தரம் இங்கே என்று ஆயிற்று. எங்கள் முறை வந்தால் ஆபரேட்டர் குழாயைத் தோளில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் வருவார். அவர்கள் முறை வந்தால் என் கணவர் ஸ்டாண்டை கேரியரில் கட்டிக்கொண்டு போவார். ஐபீஸ் என் கைப்பையில்.

அப்படி ஒரு மாலை நாங்கள் இரண்டு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தபோது, வழியில் ஒரு வீட்டு வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. காதுகுத்து. அந்த வீட்டுப் பெரியவர் கேரியரில் இருந்த மூன்று காலைப் பார்த்துவிட்டு ஓடிவந்து என் கணவரின் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் சார் இவ்ளோ லேட்டு? எல்லாரும் எவ்ளோ நேரமா ஒக்காந்துகினு இருக்கோம்? புள்ள தூங்கிடுச்சு பாருங்க."

நாங்கள் போட்டோக்காரர் இல்லை என்று புரியவைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. விஷயம் தெரிந்ததும் பெரியவர் மன்னிப்புக் கேட்டு, கையில் வெற்றிலை பாக்கு கொடுத்து, சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார். ஆபரேட்டர் வீட்டில் வியாழனைப் பிடித்து வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருப்பார்கள் என்று என் கணவர் சொன்னார். ஸ்டாண்டும் ஐபீஸும் நம்மிடம் இருக்க, எப்படிப் பிடித்திருப்பார்கள் என்று கேட்டேன்.

"அவரு குழாயப் பிடிச்சிருப்பாரு, அவங்க இழை எண்ணற லென்ஸப் பிடிச்சிருப்பாங்க," என்றார் என் கணவர், இரண்டாவது தரம் பாயசம் வாங்கிக்கொண்டே.